பெர்லினில் முதல் வாரம்: லிஸ்ட் போதுமா?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 3

ஊர் கரூர். அக்டோபரில் பெர்லினில் மாஸ்டர்ஸ் சேருகிறேன். விசா வந்துவிட்டது. செப்டம்பர் 27 சனிக்கிழமை ராத்திரி போய் இறங்குகிறேன். சீனியர்கள் ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள்: சிம், பேங்க், இன்சூரன்ஸ், முகவரிப் பதிவு, டிக்கெட். வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனால் முதல் வாரம் ஓடிவிடும் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள், லிஸ்ட் போதும்தானே?

ஆகஸ்ட் 3, இரவு

போதாது தம்பி. லிஸ்ட்டின் தலையில் இருக்க வேண்டியதே அதில் இல்லை. கட்டட வாசலில் இருக்கும் லெட்டர் பாக்ஸில் உங்கள் பெயர். சிம்முக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

பெர்லினில் பெரும்பாலான கட்டடங்களில் ஃபிளாட்டுக்கு நம்பர் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், ஆள் பெயர், அவ்வளவுதான் முகவரி. ஒரே எண்ணில் முப்பது வீடு இருக்கும். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால், இந்த முகவரியில் இப்படி ஓர் ஆள் இல்லை என்று கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். அங்கே எல்லாமே தபாலில்தான் வருகிறது. பேங்க் கார்டு ஒரு கவரில், அந்தக் கார்டின் ரகசிய பின் (PIN) நம்பர் இரண்டு நாள் கழித்து இன்னொரு கவரில், இன்சூரன்ஸ் கார்டு வேறொன்றில். 11 இலக்க வரி எண்ணும் கடிதமாகத்தான் வரும். உங்கள் லிஸ்ட்டில் பாதி இந்தப் பெட்டி வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

எனக்கு பின் நம்பர் வந்த கவர் திரும்பிப் போய்விட்டது. விசாவுக்காக முன்கூட்டியே கட்டி முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் பணம் கிடந்தது. அது மாதாமாதம் இறங்க வேண்டிய கணக்கைத் திறக்க முடியவில்லை. கையில் கொண்டுபோன 500 யூரோவை வைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஓட்டினேன். அந்த மூன்று வாரம் நான் வாங்கிய ஒவ்வொரு ரொட்டியின் விலையும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

ஆகஸ்ட் 4

நேற்று அவசரத்தில் எழுதினேன். முதல் நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

நான் 2018 செப்டம்பர் 29, அதுவும் சனிக்கிழமை ராத்திரிதான், போய் இறங்கினேன். ஊர் கோவில்பட்டி. வெடிங் என்ற பகுதியில் பின்கட்டுக் கட்டடத்தில் நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. அங்கே பழைய வீடுகளில் தெருவைப் பார்த்த கட்டடம் ஒன்று, அதைத் தாண்டி முற்றம், அந்த முற்றத்தைத் தாண்டி இன்னொரு கட்டடம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஏர்போர்ட்டிலிருந்து டிஎக்ஸ்எல் பஸ் பிடித்து, நடுவில் ஒரு ரயில் மாறி, 23 கிலோ பெட்டியை நாலு மாடி தூக்கி ஏறினேன்.

மறுநாள் ஞாயிறு. கடை எல்லாம் பூட்டு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு என்று படித்திருந்தேன். ஆனாலும் நம் ஊரில் பந்த் அன்றைக்கே பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து வியாபாரம் நடக்குமே, அப்படி எங்கேயாவது ஒரு கடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். பசி. பெட்டியில் அம்மா வைத்துவிட்ட கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட். அதுதான் காலையும் மதியமும்.

தம்பி, நீங்களும் சனிக்கிழமை ராத்திரிதான் இறங்குகிறீர்கள். ஞாயிறு சாப்பாட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் ஷ்பேட்டி என்று சின்னக் கடைகள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் பல திறந்திருக்கும். ஆனால் பாட்டில், சிப்ஸ், சிகரெட்தான் அதிகம். முழு சூப்பர் மார்க்கெட் வேண்டுமென்றால் மத்திய ரயில் நிலையமான ஹவுப்ட்பான்ஹோஃபுக்குள் ஞாயிறும் திறந்திருக்கும். அது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. இன்னொன்று: அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றுபட்ட நாள், நாடு முழுக்க விடுமுறை. இந்த வருடம் அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஒரு நாள் திறந்து, ஞாயிறு மறுபடியும் அடைப்பு. வியாழனே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குப்பை போடக் கீழே இறங்கினேன். பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது. அங்கே வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது. ஓர் உருண்டைக் குமிழ்தான், இழுக்கலாம், திருக முடியாது. சாவி உள்ளே, போன் உள்ளே. அறைத்தோழி வரும்வரை மூன்று மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். படி விளக்கு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். எழுந்து போய் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும் பொத்தானை அழுத்தினால் மறுபடியும் எரியும். எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் இருட்டாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லா வீட்டிலிருந்தும் சமையல் வாசனை வந்தது. ஒன்றுகூட எனக்குத் தெரிந்த வாசனை இல்லை.

சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு ராத்திரி பூட்டுத் திறக்க ஆள் கூப்பிட்டால் என்ன கேட்பார்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே ஏர்போர்ட் பஸ் என்று எழுதியது டெகல் ஏர்போர்ட்டிலிருந்து. அது 2020 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. இப்போது எல்லா விமானமும் பெர்லின் பிராண்டன்பர்க் ஏர்போர்ட்டுக்குத்தான். டிஎக்ஸ்எல் பஸ்ஸைத் தேடாதீர்கள். ஏர்போர்ட்டுக்கு அடியிலேயே ரயில் நிற்கும்.

ஆகஸ்ட் 9

லெட்டர் பாக்ஸ் விஷயத்தில் நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மதுரையிலிருந்து ஒருவர், "பெயர் ஒட்டினேன், அப்படியும் கடிதம் திரும்பிவிட்டது" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் எனக்கு நடந்ததும் சரியாக அதுதான், அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நானும் பெயர் ஒட்டித்தான் இருந்தேன், இறங்கிய மூன்றாம் நாளே. அறைத்தோழியிடம் காகிதம் வாங்கி, அழகாக எழுதி, நான்கு பெயர்களுக்குக் கீழே ஐந்தாவதாக ஒட்டினேன். என் பெயரை. நமக்குப் பெயர் என்றால் நம் பெயர்தானே, அப்பா பெயர் முன்னால் ஓர் எழுத்து. ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஜெர்மனியில் பேங்க், இன்சூரன்ஸ், அலுவலகம் எல்லோருக்கும் அந்தக் கட்டத்தில் இருப்பவர்தான் நான். கடிதம் 'திருமதி' போட்டு அப்பா பெயருக்கு வருகிறது. தபால்காரர் பெட்டியில் பார்க்கிறார், என் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை. அவர் என்ன செய்வார்? திருப்பி அனுப்பினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பெட்டியில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டலோ அதே எழுத்துக்கூட்டல். குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி நிரப்பும். விசா ஸ்டிக்கரில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாமல், அந்த ஜன்னலிலேயே, உடனே. பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வகுப்பில் முதல் வாரம் பேராசிரியர் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டாம் தடவைதான் அது என்னை என்று உறைத்தது. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதியவர். கோவில்பட்டியை விட்டு மதுரையைத் தாண்டியதில்லை.

ஆகஸ்ட் 10

பிளாக்டு அக்கவுண்டில் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். நான் வந்த வருடம் ஓர் ஆண்டுக்கு 8,640 யூரோ, மாதம் 720. இப்போது 11,904, மாதம் 992. பழைய பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஆகஸ்ட் 21

முகவரிப் பதிவு. ஆன்மெல்டுங் என்பார்கள். சீனியர்கள் இதை நாலாவதாகப் போட்டிருக்கிறார்கள். குடிபோன 14 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு பியூர்கர்ஆம்ட் என்ற அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். அங்கேதான் சிக்கல், நேரமே கிடைக்காது. நம் பேட்டைக்கான அலுவலகம்தான் என்று இல்லை, பெர்லினுக்குள் எந்த பியூர்கர்ஆம்டுக்கும் போகலாம். காலையில் எழுந்ததும் நேரம் பதியும் இணையப் பக்கத்தைத் திறந்து திரும்பத் திரும்ப ரீலோட் செய்யுங்கள். யாராவது ரத்து செய்தால் அந்த இடம் வந்து விழும். எனக்கு ஷ்பாண்டாவில், ஊரின் மேற்குக் கோடியில் கிடைத்தது. 14 நாள் தாண்டித்தான் கிடைக்கிறது என்றால், தேடிய அன்றே நேரம் பதிந்த மெயிலை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 19-வது நாள். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிச்சீட்டு இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினால் போதாது. அறை பேசும்போதே "இந்த முகவரியில் பதிவு செய்யலாமா" என்று கேளுங்கள். கூடாது என்று சொல்லும் அறைகள் நிறைய உண்டு, வாடகையும் குறைவாக இருக்கும். எடுக்காதீர்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் இல்லை, அப்புறம் ரெசிடென்ஸ் பெர்மிட் வரைக்கும் எல்லாம் இழுக்கும்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். அதை யோசிக்காமல் நிரப்பாதீர்கள். என் தூத்துக்குடித் தோழி கத்தோலிக்கர் என்று எழுதினாள். பிறகு வேலைக்குப் போனதும் அவள் வருமான வரித் தொகையில் 9 சதவீதம் சர்ச் வரியாகப் பிடித்தார்கள். அவள் தெரிந்தேதான் அப்படியே விட்டிருக்கிறாள், அது அவள் விருப்பம். தெரியாமல் எழுதிவிட்டு முழிக்கக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

பதிவு முடிந்த கொஞ்ச நாளில் ரேடியோ டிவி கட்டணம் என்று ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. அறைத்தோழர்களில் யாராவது ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பார், அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி பதில் அனுப்பினால் போதும்.

ஆகஸ்ட் 22

இன்னும் அறை கிடைக்கவில்லை என்று தம்பி தனியாகச் சொன்னதால் இது. வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார், அட்வான்ஸ் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்று யார் சொன்னாலும் ஒரு சல்லிக்காசு அனுப்பாதீர்கள். போட்டோவில் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அட்வான்ஸ் என்பது ஹீட்டிங், தண்ணீர் எல்லாம் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் சட்டம். முதல் மாதத்துக்கு ஹாஸ்டலில் இருந்துகொண்டு நேரில் பார்த்து எடுப்பது எவ்வளவோ மேல்.

செப்டம்பர் 5

பெட்டியில் என்ன வைப்பது என்று இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய் கொண்டுபோங்கள். பால்கோவா, நெய் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது, கஸ்டம்ஸில் எடுத்துவிடுவார்கள். கருவாடு பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: மீனுக்கு விதி வேறு, ஆனால் பின்கட்டில் நாலு பேரோடு ஒரே சமையலறையில் கருவாடு வறுப்பதை யோசித்துப் பாருங்கள்.

குக்கர் கொண்டுபோங்கள், விசில் வெயிட்டோடு. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் என்றால் மின்சாரம் 230 வோல்ட் நம்மைப் போலத்தான், ஆனால் நம் தடித்த மூன்று பின் பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் வேண்டும். சார்ஜரின் இரண்டு பின் நேராகப் போகும்.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். உப்புத் தண்ணீர் மாதிரி கெட்டிலில் வெள்ளையாகப் படியும், பயப்பட வேண்டாம். அது சுண்ணாம்புதான், கொஞ்சம் வினிகர் விட்டுக் கொதிக்க வைத்தால் போய்விடும். நான் முதல் வாரம் பூராவும் பாட்டில் தண்ணீர் வாங்கினேன். காலி பாட்டிலைக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று தெரியாமல் குப்பையிலும் போட்டேன். 500 யூரோவில் ஓடிக்கொண்டிருந்த நாளில். பில்லில் ஃபாண்ட் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், சூப்பர் மார்க்கெட்டின் உள்ளேயே மெஷின் இருக்கும்.

செப்டம்பர் 14

ரயிலில் நுழைய கேட் இல்லை, யாரும் டிக்கெட் கேட்பதில்லை என்று ஒரு தம்பி சந்தோஷமாக எழுதியிருக்கிறார். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். கதவு மூடிய பிறகுதான் அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். அபராதம் 60 யூரோ. நான் டிக்கெட் வாங்கியிருந்தேன். பிளாட்பாரத்தில் ஒரு சின்ன மெஷினில் அதை நுழைத்து முத்திரை குத்த வேண்டும் என்று தெரியாது. முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. அழுதேன். அவர் தன்மையாகத்தான் எழுதிக் கொடுத்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார். மாணவர் டிக்கெட் கைக்கு வரும்வரை இதை மறக்காதீர்கள்.

செப்டம்பர் 20

ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். லிஸ்ட்டில் போட முடியாத விஷயம்.

அமைதி. அதற்கு நான் தயாராக இல்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் கட்டடமே மூச்சு விடாது. நாய் குரைக்காது, யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் எங்களுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம், ரயில் போகும்போது பாத்திரம் அதிரும். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் நான். வெடிங்கில் முதல் பத்து நாள் தூக்கமே இல்லை. அம்மாவிடம் போனில் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு தமிழ்க் கடைக்குப் போனேன், கருவேப்பிலை வாங்க. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை எந்த இடம்?" என்று கேட்டார். பத்து நாளைக்குப் பிறகு நேருக்கு நேர் தமிழ். பதில் சொல்வதற்குள் குரல் உடைந்துவிட்டது. தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார்.

80-களின் நடுவில் வந்தவர் அவர். அப்போது கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையம் வழியாக ரயிலிலேயே மேற்கு பெர்லினுக்குள் வந்துவிடலாம். மேற்குப் பக்கம் அந்த எல்லையை நாட்டு எல்லையாக ஒப்புக்கொள்ளாததால் அங்கே பாஸ்போர்ட் பார்க்க ஆள் வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் அப்படி வந்தார்கள். "எங்களுக்கு ஒரு பேப்பரும் இல்லை பிள்ளை. காகிதம் வந்தால் ஹைமில பேர் சொல்லிக் கூப்பிடுவினம். எங்கட பேரை அவையளுக்குச் சொல்ல வராது. முதல் எழுத்தைக் கேட்டவுடனே நாங்கள் எல்லாரும் எழும்பிப் போவம்." ஹைம் என்றால் அகதிகள் தங்கவைக்கப்பட்ட விடுதி.

அவரிடம்தான் என் திரும்பிப்போன கவரைப் பற்றிச் சொன்னேன். அவர்தான் கேட்டார்: "பெட்டியில தகப்பன்ட பேர் போட்டனியோ?" மூன்று வாரம் பேங்க்கின் உதவி எண்ணில் காத்திருந்து தெரியாதது, ஒரு தேத்தண்ணியில் தெரிந்துவிட்டது.

தம்பி, பிரிட்ஸ் பகுதியில் பிளாஷ்கோஅலே ஸ்டேஷன் அருகே மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. சாமி கும்பிடும் வழக்கம் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய் வாருங்கள்.

செப்டம்பர் 21

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பெரியவரைப் பார்த்தது இரண்டாம் வாரம் இல்லை, கவர் திரும்பிய பிறகுதானே அவரிடம் சொல்லியிருக்க முடியும். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன், அக்டோபர் 20. மூன்று வாரம் ஆகியிருக்கிறது. பத்து நாளைக்குப் பிறகு தமிழ் பேசினேன் என்று எழுதியதும் தப்பு, இருபத்தொரு நாள்.

செப்டம்பர் 28

தம்பி இறங்கிவிட்டார். ஞாயிறு மதியம் புளிசாதம் சாப்பிட்ட போட்டோ வந்திருக்கிறது. சாவி கழுத்தில் தொங்குகிறது. நிம்மதி.

அக்டோபர் 16

வீட்டு எண் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு மணி நேரம் அலைந்தாராம் தம்பி. இதைச் சொல்ல மறந்தேன். பெர்லினில் பழைய தெருக்கள் பலவற்றில் எண் குதிரை லாடம் மாதிரி போகும். ஒரு பக்கம் 1, 2, 3 என்று தெரு முடியும்வரை ஏறி, அங்கே திரும்பி, எதிர்ப்பக்கம் வழியாக ஏறிக்கொண்டே ஆரம்பித்த இடத்துக்கு வரும். 5-க்கு எதிரே 140 இருக்கும். முனையில் தெருப் பெயர்ப் பலகையின் கீழே எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

அப்புறம் வகுப்பு பற்றிக் கேட்டாரே. 10 மணி என்று போட்டால் 10:15-க்குத் தொடங்குவது அங்கே பழைய வழக்கம். முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், கைதட்டுவதற்குப் பதில் அது. முதல் தடவை இருநூறு பேர் ஒரே நேரத்தில் விரல் கணுவால் மேசையைத் தட்டியபோது நான் பிரச்சினை என்று நினைத்துப் பையை எடுத்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்துத் தட்டிக் காட்டினாள். அந்த ஊரில் எனக்கு முதல் தோழி அவள்தான்.

அக்டோபர் 26

இன்று கடிகாரம் மாறுகிறது. இந்தியாவுக்கும் அங்கேக்கும் இனி நாலரை மணி வித்தியாசம், நேற்றுவரை மூன்றரை. வீட்டில் சொல்லிவிடுங்கள், அம்மாக்கள் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். மதியம் வெளியே போய் வாருங்கள், வெயில் இல்லாவிட்டாலும்.

நவம்பர் 8

தம்பி சொல்கிறார்: பேங்க் கார்டு வந்துவிட்டது, பின் நம்பர் வந்துவிட்டது, இன்சூரன்ஸ் வந்துவிட்டது, ரேடியோ கட்டணக் கடிதமும் வந்துவிட்டது. வரி எண் மட்டும் வரவில்லை, பதிவு செய்து ஒரு மாதம் ஆயிற்று. பெட்டியில் பெயர் போட்டோவும் அனுப்பியிருந்தார். இரண்டு பெயர், அவருடையதும் அவர் அப்பாவுடையதும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய வெறும் காகிதம், ஒரு மூலை கிழிந்து அப்பா பெயரில் கடைசி இரண்டு எழுத்து போயிருக்கிறது. புதிதாக பிரிண்ட் எடுத்து, முழுதும் மூடுகிற மாதிரி டேப் போட்டு இன்றைக்கே ஒட்டுங்கள். பிறகு மத்திய வரி அலுவலகத்தின் இணையதளப் படிவத்தில், எண்ணை மறுபடியும் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

என் அப்பாவும் அன்றைக்கு எங்கள் பெட்டியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து தப்பு என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.